புள்ளியம்மா அலமாரி தேடிய கதை

ஒரு காட்டில், இலுப்பை மரத்தடியில் ஒரு பொந்து இருந்தது. அதில் இரண்டு குடித்தனம். ஏன் இரண்டு என்று கேட்காதீர்கள், இந்தக் காலத்தில் தனிப் பொந்து யாருக்குக் கிடைக்கிறது? வாசல் பக்கத்துப் பாதியில் புள்ளியம்மா என்கிற காட்டுக்கோழியும் அவளுடைய நாலு குஞ்சுகளும். உள்பக்கத்துப் பாதியில் ஊசிமுத்து என்கிற முள்ளம்பன்றி. நடுவில் புள்ளியம்மா காலால் கிழித்த ஒரு கோடு. கோட்டைத் தாண்டி ஒரு இறகு விழுந்தாலும் பஞ்சாயத்துதான்.

ஊசிமுத்து ராத்திரியெல்லாம் கிழங்கு தோண்டிவிட்டு விடிகாலையில் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தால், சாயங்காலம் வரைக்கும் பிணம் மாதிரி கிடப்பார். குடிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, நான் தூங்கறப்ப உம்புள்ளைங்க கத்தட்டும், குதிக்கட்டும், எம்மேல ஏறி விளையாடட்டும். எனக்குத் தெரியவே தெரியாது. ஆனா வாலை மட்டும் தொடக் கூடாது. தொட்டா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"நீங்க எப்பண்ணே மனுசனா இருந்தீங்க?" என்று கேட்டாள் புள்ளியம்மா. நியாயமான கேள்விதான். ஆனாலும் அன்றிலிருந்து ஒரு குஞ்சும் அந்த வால் பக்கம் போனதில்லை.

குஞ்சுகளுக்குப் படிக்கும் வயசு வந்தது. அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம், நரியார் உறைவிடப் பள்ளி. நல்ல கட்டடம், நல்ல சாப்பாடு. யாருக்கு நல்ல சாப்பாடு என்பதுதான் கேள்வி. புள்ளியம்மாவின் அக்காள் தன் ஐந்து குஞ்சுகளை அங்கேதான் சேர்த்தாள். அரைப்பரீட்சை லீவுக்கு ஒன்றே ஒன்று வீட்டுக்கு வந்தது. பதறிக்கொண்டு ஓடிப் போய்க் கேட்டாள்.

"மத்த நாலு பேரும் மேல்படிப்புக்குப் போயிட்டாங்கம்மா" என்றார் நரியார்.

"வெளியூருக்கா அய்யா?"

"சேச்சே, உள்ளேதான்" என்று சொல்லி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அதைக் கேட்டதிலிருந்து புள்ளியம்மாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. "எம்புள்ளைங்களுக்கு நானே வீட்ல வச்சுச் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று முடிவு செய்தாள். பூவரச இலையில் அ, ஆ எழுதினாள். தேக்கு இலையில் காட்டு வரைபடம் போட்டாள். எதிரிகள் என்கிற பாடத்துக்கு ஒரு பாம்புச் சட்டையைத் தேடிக் கொண்டுவந்தாள். மூத்தது மூன்றும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. கடைக்குட்டி மொச்சைக்குத்தான் கணக்கு ஏறவில்லை.

"அஞ்சு, ஆறு, ஏழு, பத்து!" என்பான்.

"ஏழுக்கு அப்புறம் என்னடா?"

"பத்து!"

தலையில் அடித்துக்கொள்வாள். என்ன செய்ய, கடைசியாகப் பொரிந்தவன், செல்லம் ஜாஸ்தி.

ஒருநாள் காக்கை ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து போட்டது. வீட்டுக்கல்விச் சட்டப்படி ஆய்வு, இன்றிலிருந்து ஏழாம் நாள். பாடப்பொருள் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, அலமாரி போன்ற உரிய தளவாடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் அனைவரும் அன்றே உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்படுவர். இப்படிக்குக் கல்வி அலுவலர், நரியார்.

பள்ளிக்கூடம் நடத்துபவரும் அவரே, ஆய்வு செய்பவரும் அவரே. காட்டில் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று சிங்கராஜா நினைத்துக்கொண்டிருந்தார்.

புள்ளியம்மா பொந்தைச் சுற்றிப் பார்த்தாள். கோழிக் குடித்தனத்தில் எல்லாம் தரையில்தான் கிடக்கும். கிளறினால் கிடைக்கும், கிளறாவிட்டால் கிடைக்காது, அவ்வளவுதான் ஒழுங்கு. இந்த இடத்தில் அலமாரிக்கு எங்கே போவது?

முதலில் மரங்கொத்தித் தச்சர் வந்தார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"சுவர்ப் பலகை அடிச்சிரலாம் தாயி. ஆனா உங்க பக்கம் பூரா வாசல். ஆணி நிக்கிற சுவரு அவரு பக்கந்தான் இருக்கு."

சாயங்காலம் ஊசிமுத்து எழுந்ததும் கேட்டாள். "கோடு யார் போட்டது?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விட்டார். தானே கிழித்த கோடு தன் காலையே தடுக்கிவிட்டது.

அடுத்து கரடி ஒரு இரும்பு அலமாரியை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடி பதித்தது, ரகசிய அறை வேறு. வாசலில் வைத்து நேராகத் தள்ளிப் பார்த்தது, சாய்த்துத் தள்ளிப் பார்த்தது. மரம்தான் ஆடியது.

"அக்கா, ஒண்ணு பண்ணுங்க. அலமாரியை வாங்கிக்குங்க, அதுக்கேத்த மாதிரி ஒரு பொந்து பாத்துக்குங்க" என்றது கரடி.

"போய்யா, வந்துட்டான் யோசனை சொல்ல!" என்று துரத்திவிட்டாள்.

ஐந்து நாள் போய்விட்டது. அப்போதுதான் எதிர் மரத்துக் குரங்கு தன் போனில் ஒரு விளம்பரம் காட்டியது. மடிப்பு அலமாரி! சின்ன வீட்டுக்குப் பெரிய தீர்வு! ஐந்தே நிமிடத்தில் நீங்களே பொருத்தலாம்! படத்தில் ஒரு குடும்பமே அலமாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அலமாரியைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. புள்ளியம்மா மயங்கிவிட்டாள். குரங்கு ஒரு தட்டு தட்டியது. ஆறாம் நாள் சாயங்காலம் பார்சல் வந்துவிட்டது.

பிரித்தால் நாலு கால், மூன்று பலகை, ஒரு தாள், ஒரு பொட்டலம் திருகாணி. தாளில் எட்டுத் திருகாணி என்று போட்டிருந்தது.

"மொச்சை, எண்ணுடா."

அவன் ஒவ்வொன்றாக அலகால் தொட்டு எண்ணினான். "அஞ்சு, ஆறு, ஏழு. ஏழுதாம்மா இருக்கு."

"உனக்கு எப்பவும் ஏழுதான்! தள்ளு அங்கிட்டு" என்றாள் புள்ளியம்மா. திரும்ப எண்ணிப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் லட்சணம்!

கையில்லாதவள் அலகாலும் காலாலும் திருகித் திருகி ஒருவழியாக நிற்க வைத்தாள். அது நின்றது. மறுநாள் காலையில் இலைப் புத்தகங்களை அடுக்கினாள். அப்போதும் நின்றது. கடைசியாகப் பாம்புச் சட்டையை மேல்தட்டில் வைத்ததும் மடமடவென்று மடங்கிப் படுத்துவிட்டது. மடிப்பு அலமாரி என்றுதானே விற்றார்கள், மடங்கியதில் தப்பு சொல்ல முடியாது. நாலாவது காலுக்கு ஒரு திருகாணி குறைவு. மொச்சை எண்ணியது சரி.

ஓடைக்கரையில் நரியாரின் வால் தெரிந்தது.

புள்ளியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "ஒரு திருகாணிக்கு என் நாலு புள்ளைங்களையும் குடுக்கணுமா, சாமி!"

மொச்சைக்கு அம்மா அழுவது பிடிக்கவில்லை. இறக்கைக்குள்ளிருந்து நழுவி, தரையில் கிடந்த 'அ' இலையைக் கவ்விக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டைத் தாண்டிப் போய், தூங்கிக்கொண்டிருந்த ஊசிமுத்துவின் முள்ளில் குத்தினான். இலை நின்றது. ஊசிமுத்து குறட்டை விட்டார்.

புள்ளியம்மாவின் அழுகை நின்றுவிட்டது.

"அடேய், 'ஆ'வை எடுங்கடா! மேல் வரிசையில உயிரெழுத்து, கீழ் வரிசையில மெய்யெழுத்து! வரைபடத்தை இடுப்புல மாட்டு! வாலு, வாலு! வால் பக்கம் போகாதீங்க!"

நரியார் வாசலுக்கு வரும்போது தரை துடைத்த மாதிரி இருந்தது. இரண்டு பலகையும் நாலு காலும் வாசலுக்கு வெளியே புதருக்குள் போய்விட்டன. மூன்றாவது பலகையில் குஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

நரிக்கு முள்ளம்பன்றியைத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஏன் தெரியாது, நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு வந்தவர் அலுவலர். படிவத்தைப் பார்த்தாரே தவிர பொருளைப் பார்க்கவில்லை. போதாததற்கு வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்தவர்.

"தளவாடம் இருக்கிறதா? ம்... இருக்கிறது." குரலில் வருத்தம். "எத்தனை தட்டு?"

"நிறைய இருக்கு அய்யா."

"பூட்டு?"

"தேவைப்பட்டா தானா பூட்டிக்கும் அய்யா."

"புது மாடலா? உள்ளே ஏதோ சத்தம் வருகிறதே?"

"காத்துப் போக வழி வச்சிருக்காங்க அய்யா."

நரியார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மாணவர் திறன். நாலு பேரையும் பார்த்தார். கொழுகொழுவென்று இருந்த மொச்சையைக் கூப்பிட்டார். "தம்பி, பத்து வரைக்கும் எண்ணு பார்ப்போம்."

புள்ளியம்மா ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு..." மொச்சை அம்மாவைப் பார்த்தான். "பத்து."

"அடடா!" நரியாரின் நாக்கு ஒருமுறை வெளியே வந்துவிட்டு உள்ளே போனது. "அடிப்படையே சரியில்லையம்மா. இவனை நான் இன்றைக்கே அழைத்துப் போகிறேன்." முன்காலால் மொச்சையைத் தன் பக்கம் இழுத்து அமுக்கிக்கொண்டார்.

"அய்யா, சின்னப் புள்ளைய்யா! ஒரே ஒரு வாரம் தவணை குடுங்கய்யா!"

வாய்க்கு எட்டியதோடு கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் திறனில் குறை என்றால் ஒரு குஞ்சு, தளவாடத்தில் குறை என்றால் நாலு குஞ்சு. படிவத்தில் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இழுப்பறை இழுக்க வருகிறதா?

"இழுப்பறை எங்கே? ஓ, கீழே இருக்கிறதே கைப்பிடி."

புள்ளியம்மா பாவம், நல்லவள். "அய்யா, அதை மட்டும் தொடாதீங்க!" என்று அலறினாள்.

"ஏன், அதற்குள் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டு, வாலைப் பல்லால் கவ்வி இழுத்தார் நரியார்.

அலமாரி விழித்துக்கொண்டது. முள்ளெல்லாம் சிலிர்த்தது, வால் கலகலவென்று ஆடியது. அ முதல் ஔ வரை ஒரே நேரத்தில் பின்னோக்கிப் பாய்ந்தன.

"எவண்டா அவன் என் வாலைத் தொட்டவன்!"

பொந்தே அதிர்ந்தது. நரியார் ஊளையிட்டுக்கொண்டு மல்லாந்து விழுந்தார். அவர் காலடியிலிருந்து விடுபட்ட மொச்சை ஓடவில்லை. நரியாரின் மூக்குக்குப் பக்கத்தில் போய் நின்று, குத்தியிருந்த முட்களை உற்றுப் பார்த்தான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு..." ஏழு முடிந்தும் முள் மிச்சம் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தான். "எட்டு. அம்மா, எட்டும்மா! ஒன்பது! அந்தா வாய்க்குள்ள ஒண்ணு, பத்து!"

"எம்புள்ளைக்கு எட்டு வந்துருச்சு!" என்று புள்ளியம்மா சந்தோஷத்தில் குதித்தாள். நரி படுத்திருப்பதே அவளுக்கு மறந்துபோய்விட்டது. மொச்சையை அள்ளி இறக்கைக்குள் வைத்துக்கொண்டு, "அன்னிக்கு நீ எண்ணுனது சரிடா, நான்தாண்டா மக்கு" என்று அழுதாள்.

நரியார் எழுந்து உட்கார்ந்து யோசித்தார். படிவத்தை நிரப்பாமல் போக முடியாது, சிங்கராஜா கேட்பார். முள்ளம்பன்றி குத்தியது என்று எழுதினால், முள்ளம்பன்றிக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாதவன் அலுவலரா என்பார். அலமாரி குத்தியது என்று எழுதினால் மொத்தக் காடும் சிரிக்கும். கடைசியில் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார்.

தளவாடம்: மிக உறுதி. இழுப்பறை: இழுக்க வேண்டியதில்லை. கணக்கு: தேர்ச்சி.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்தான், அதற்கப்புறம் இலுப்பை மரத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடுத்த வாரம் அக்காளின் மிச்சமிருந்த ஒரு குஞ்சும் பெட்டி படுக்கையோடு இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஊசிமுத்துவுக்குத்தான் கோபம் ஆறவில்லை. விலாவில் 'க்' இலையும் தோளில் பாம்புச் சட்டையுமாக உர்ரென்று நின்றார். "என்னைக் கேக்காம எம்மேல எப்படி மாட்டலாம்?"

"தப்புத்தாண்ணே. கழட்டிரட்டுமா?"

அவர் தரையில் இருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கும் மாட்டணும்னா கோட்டை ஒரு சாண் உன் பக்கம் தள்ளிப் போடு. அலமாரிக்கு இடம் வேணுமில்ல?" என்றார்.

நீதி: பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்க நினைப்பவர்கள் நல்ல வாத்தியாரைத் தேடி அலைய வேண்டாம், கோபம் வருகிற அலமாரியாகப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.