பெரட்டில் இல்லாத பேர்

எங்கள் ஊரான சிலிபினில் கொரோனாவை விசில் ஊதி விரட்டப் பார்த்த ஒரே மனிதர் தண்டல்தான். கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் தண்டலாக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள். மனிதர் விசிலோடு எங்கள் தெருவுக்குக் குடிவந்துவிட்டார். அவர் சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. கேட்கிற துணிச்சலும் யாருக்கும் இல்லை.

தடுப்பூசி வந்தபோது தெருவே தயங்கியது. ஆளுக்கொரு வதந்தி. தமிழ்ப்பள்ளி வாத்தியாரான நானே என் பங்குக்கு இரண்டு பரப்பினேன். தண்டல் தோட்டத்து வழியில் இறங்கினார். காலை ஆறு மணிக்கு நடுத்தெருவில் நின்று பெரட்டு எடுப்பார். தோட்டத்தில் வேலைக்கு அனுப்புமுன் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான். அன்றைக்கு யாருக்கு ஊசியோ அவர் தன் வீட்டு கேட்டுக்குள் நின்று "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நானும் கைலியோடு ஓடிவந்து சொன்னேன். பிறகு அவர் மோட்டார்சைக்கிள் முன்னே போகும், எங்கள் கார்கள் பின்னே போகும்.

ஊசி போடும் மண்டபத்திலும் அவர் ராஜ்ஜியம்தான். வரிசையை நேராக்குவார், நடுங்குகிற ஆம்பளைகளை அதட்டுவார். அரசாங்க ஆள் என்று நினைத்துத் தாதிகள் அவருக்கு நாற்காலி போட்டுக் கோப்பியும் கொடுத்தார்கள்.

தெருவில் எல்லாருக்கும் போட்டாகிவிட்டது. அப்போதுதான் அவர் மனைவி லெட்சுமி அக்கா என்னிடம் வந்து கண்கலங்கினார். தண்டல் இன்னும் போட்டுக்கொள்ளவில்லையாம். ஊசி என்றால் உயிரே போய்விடுமாம். ஒரு தேதியைத் தப்பவிட்டாயிற்று, மறுதேதி நாளைக்கு. அக்காவுக்கோ இருதய நோய். வீட்டுக்காரரும் போட்டால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் போய்க் கேட்டேன். மனிதர் கூரையைப் பார்த்தார்.

"பெரட்டுல தண்டல் பேரு இருக்குமா லா? கூப்புடுறவன் பேர யாரு வாத்தியாரே கூப்புடுறது?"

மறுநாள் ஆறு மணிக்கு விசில் சத்தம். எட்டிப் பார்த்தால் நடுத்தெருவில் லெட்சுமி அக்கா. நாற்பது வருடமாகப் புருஷன் பேரை வாயால் சொல்லாதவர். கிளினிக்கில் கேட்டால்கூட அவருடைய அடையாள அட்டையைத்தான் நீட்டுவார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வீராசாமி!"

பிறகு அவர்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. தண்டலாவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்துப் பெரட்டுப் பழக்கம், அவரை மீறி வந்துவிட்டது.

"இருக்கேன்."

சொன்னபின் ஒளிய முடியாது, அது அவரே போட்ட சட்டம். மண்டபத்தில் அவர் என் கையைப் பிடித்த பிடியில், ஊசி போட்ட கையைவிட என் கைதான் அதிகம் வீங்கியது.

சில வாரம் கழித்து இரண்டாம் ஊசி. விசிலை வாங்கி நானே ஊதினேன். ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்க ஊதுனா ஆச்சா? அவ கூப்புடட்டும் லா."

அக்கா வெட்கப்பட்டு உள்ளே ஓடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பேர் மெதுவாக வந்தது. பதிலுக்கு அவர் சொன்ன "இருக்கேன்" தெருக்கோடி வரை கேட்டது.

அந்த வருடம் கூப்பிட்டும் பதில் வராமல் போன பேர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அதனாலோ என்னவோ, இன்றும் காலையில் அவர் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால்தான் எனக்கு மனசு நிம்மதியாகிறது.