தாழம்பற்றையில் நின்ற நாரை

மடத்துவெளி,
புங்குடுதீவு.

பெருமதிப்புக்குரிய அத்தானுக்கு,

கனடாக் குளிரிலும் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க அம்மாள் துணை நிற்பா. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய். வட்ஸ்அப்பில் சொன்னால் பக்கத்தில் இருந்து அக்கா கேட்டுவிடுவா என்றுதான் கடதாசி எடுத்தேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

என் மகள் லக்சிகா பள்ளிக்கூடத்துப் பறவைக் கழகத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பறக்கிற பறவையின் செட்டையைப் பார்த்தே பேர் சொல்லுவாள். கொழும்பில் நடக்கும் பறவைப் போட்டிக்கு ஒரு பிள்ளைதான் போகலாம், அது இவள்தான் என்று துஷாந்தி ரீச்சர் சொல்லியிருந்தா. அன்றிலிருந்து பிள்ளைக்கு நித்திரையில்லை.

இந்த நேரம் பார்த்துக் கந்தசஷ்டி வந்தது. நானும் விரதம். சூரன்போரன்று முருகனைத் தோளில் தூக்கிக் காவுவதில் முன்தோள் என்னுடையது. அப்பாவுக்குப் பிறகு அதை யாருக்கும் விட்டதில்லை. நாலாம் நாள் ஓர் அலுவலாக ஊர்காவற்றுறைக்குப் போனவன், ஒரு கடையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரிக்கிற வாசத்துக்குத் தோற்றுப்போனேன் அத்தான். இரண்டை வாங்கிப் பையில் ஒளித்துக்கொண்டு வந்து, ஊர்க்கண் படாத இடமென்று குளக்கரைத் தாழம்பற்றைக்குப் பின்னால் கணுக்கால் தண்ணிக்குள் நின்று ஒரு கடி கடித்தேனோ இல்லையோ, எதிர்க்கரையில் பறவைக் கழகம் முழுவதும் பைனாகுலரோடு வந்து நிற்கிறது!

"ரீச்சர், அங்கை ஒரு ஆள் நிக்குது!" என்று ஷாருஜன் என்ற பெடியன் கத்தினான். அசைந்தால் துலைந்தேன். சேற்றிலிருந்து தூக்கிய கால் தூக்கியபடி, கழுத்து வளைந்தபடி, உடம்பில் சாம்பல் நிறச் சேட்டு, வாயில் ரோல்ஸ். லக்சிகா பைனாகுலரை வாங்கி வடிவாகப் பார்த்தாள்.

"ஆள் இல்லை ரீச்சர். சாம்பல் நாரை."

"நாரை சேட்டுப் போடுமே?" என்றான் அவன். அத்தனை பிள்ளைகளும் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். ரீச்சர் பார்க்க முன்னம் நான் பற்றைக்குள் குப்புற விழுந்துவிட்டேன்.

ஆளையும் நாரையையும் பிரிக்கத் தெரியாதவளை எப்படி அனுப்புவது என்று, காகத்துக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஷாருஜனை ரீச்சர் தெரிவு செய்துவிட்டா. பிள்ளை வந்து சாப்பிடவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரே அழுகை. தகப்பனின் மானத்தைக் காப்பாற்றத் தன் கொழும்பையே விட்டுவிட்டாளே என்று நினைக்க நினைக்க என் நெஞ்சு வெடித்தது. பெத்தால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறவேணும் அத்தான்.

பொறுக்க ஏலாமல் இன்று காலை ரீச்சர் வீட்டுக்குப் போய், "அது நாரையில்லை, நான்தான்" என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களைக் காட்டிக்குடுக்கக் கூடாதெண்டு பிள்ளை பொய் சொல்லியிருக்கு. அவளைத்தான் அனுப்புவன்" என்றா. ஆனால் ரீச்சரின் தாய் இலட்சுமிப்பிள்ளை குசினிக்குள் நின்று கேட்டிருக்கிறா! நான் வீடு வர முன்னம் கதை கோயிலுக்குப் போய்விட்டது. முன்தோளை எனக்குப் பின்னால் காவுற தம்புவுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் மனிசி அன்னபூரணம், "ரோல்ஸ் இல்லை, சோறுதான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். ஒழுங்கையில் சின்னஞ்சிறிசுகள் என்னைக் கண்டால் ஒற்றைக் காலில் நிற்குதுகள். இதை எழுதும்போது சூரன்போர் மேளம் வீடுவரை கேட்கிறது. நான் தனிய இருந்து அழுகிறேன்.

போகட்டும். பிள்ளை கொழும்புக்குப் போவாள், அது போதும். அக்காவுக்கு என் அன்பு. முருகன் உங்களையாவது கைவிடாமல் இருக்கட்டும்.

உங்கள் மைத்துனன்,
குலசிங்கம்

பி.கு.: லக்சிகா இப்போதுதான் கோயிலால் திரும்பி வந்தாள். ஊர்க்கதையை அங்கேதான் கேட்டிருக்கிறாள். கட்டிப்பிடித்து அழப்போகிறாள் என்று கதிரையை விட்டு எழும்பினேன். "அப்பா, அது நீங்களே? சத்தியமா எனக்குத் தெரியாது. நான் நாரை எண்டுதான் நினைச்சனான். ரீச்சரிட்டை உண்மையைச் சொல்லப்போறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேற்றடியில் நின்று கத்தினேன், திரும்பியும் பார்க்கவில்லை. முருகனும் போச்சு, கொழும்பும் போச்சு அத்தான்.