நல்லவராக நாற்பத்தெட்டு நாள்

உலகத்தில் நல்லவர்களாகப் பிறந்தவர்கள் சிலர் உண்டு. நல்லவர்களாக நடித்தே காலத்தை ஓட்டியவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் நல்லவராவதற்கு டைம்டேபிள் எழுதி, சுவரில் ஒட்டி, தினம் ஒரு டிக் அடித்தவர் காஞ்சிபுரத்திலேயே, ஏன், இந்தத் தேசத்திலேயே எங்கள் 'மண்டலம்' ஒருவர்தான்.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு அந்த ஊரில் குமாஸ்தா வேலை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் பிரம்மச்சாரிகள் லாட்ஜ். எனக்குக் கிடைத்த அறையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நாற்பது வயது, ஒல்லி, மூக்குக் கண்ணாடி. சேலை பார்டருக்கு மயில், அன்னம், யாளி என்று கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுப்பது தொழில். எந்த நல்ல குணத்தையும் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விடாமல் செய்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் சித்தாந்தம். அதனால் ஊருக்கே அவர் மண்டலம். சொந்தப் பெயர் அவருக்காவது ஞாபகம் இருந்ததா, தெரியாது.

"மனசு சரியானதும் நல்லது செய்யலாம்னு உக்காந்துக்கினு இருந்தா, ஜென்மத்துக்கும் செய்ய மாட்டோம்பா. மொதல்ல கை செய்யட்டும். மனசு பின்னாடியே வந்துடும்" என்பார்.

"வரலைன்னா சார்?"

"எங்க பூடும்? அதுக்கு வேற வீடு இருக்குதா?"

நான் போய்ச் சேர்ந்தபோது 'குறை சொல்லாமை' மண்டலம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் லாட்ஜ் மெஸ்ஸில் சாம்பாரில் உப்பு இரண்டு பங்கு. நாங்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். மண்டலம் மட்டும், "பிரமாதம்! இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க" என்றார். பிறந்ததிலிருந்து பாராட்டே கேட்டறியாத சமையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அதே அளவில் உப்பு.

ஒரு வாரம் பொறுத்தோம். பிறகு லாட்ஜே திரண்டு வந்து அவரைக் கெஞ்சியது.

"ஒரே ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லிடுங்க சார்."

"ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்பா. ஒரு கட்டம் தப்பாப் போட்டா அன்னம் கொக்காயிடும்."

மண்டலம் முடிந்த மறுநாள் காலை நேரே சமையலறைக்குப் போய், "ஐயா, உப்பு தாங்கல" என்றார். சமையல்காரர் கோபித்துக்கொண்டு வாலாஜாபாத்தில் இருந்த மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் எங்களுக்குச் சாம்பாரே இல்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

அடுத்தது 'உண்மை' மண்டலம். பட்டுக்கடை முதலாளி பேரனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, "அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கான், இல்ல?" என்று கேட்டார். மண்டலம் குழந்தையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "இல்ல முதலாளி, கொழந்த அழகா இருக்குது" என்றார். அந்த மாதம் முழுக்க எங்கள் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரில் புதுத் தாள் ஒட்டினார். மேலே ஒரே ஒரு சொல்: 'தம்பி'.

சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் தம்பி ஒருவர் அவருக்கு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்பது வருஷமாகப் பேச்சில்லையாம். தெலுங்கு பேசும் நெசவாளர் வீட்டுப் பெண்ணைத் தம்பி விரும்பிக் கட்டிக்கொண்டார். அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அத்தோடு விடாமல், தெருவில் நின்று, "அவ கையால ஒரு டம்ளர் தண்ணிகூட குடிக்க மாட்டேன்" என்று கத்தியிருக்கிறார்.

"இப்ப பாசம் வந்துடுச்சா சார்?" என்றேன்.

"பாசமா? அவன் பேரக் கேட்டாலே வயிறு எரியுது. ஆனா தப்பு என்னுது. பாசம் வந்தப்புறம் போலாம்னு இருந்தா ரெண்டு பேரும் கெழவனாயிடுவோம்."

முதல் நாள் சாட்சிக்கு நானும் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். தினம் மாலை ஆறு மணிக்கு வாசலில் நின்று ஒரு வார்த்தை விசாரிப்பது திட்டம். முதலாளியிடம் உண்மை பேசிய அந்த வீரர், தம்பி வீட்டு வாசலை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டு, மூன்றாம் தடவைதான் சைக்கிள் மணியை அடித்தார்.

"தம்பி, காபி குடிச்சியா?"

உள்ளே தறிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. மண்டலம் சைக்கிளைத் திருப்பினார்.

"ஒண்ணு" என்றார்.

ஐந்தாம் நாள் தம்பி கதவைச் சாத்தினார். பன்னிரண்டாம் நாள், "நாய் வளக்கப் போறேன்!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இருபதாம் நாளுக்குள், "மண்டலம் வந்தாச்சு, வெளக்கேத்து" என்று தெருக்காரர்கள் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். முப்பதாம் நாள் திரும்பி வந்து காலை நீவிக்கொண்டே, "இன்னும் பாசம் வரலபா. முட்டி வலிதான் வந்துக்கினு இருக்குது" என்றார்.

முப்பத்தொன்பதாம் நாள் அவருக்குக் கடுமையான ஜுரம். எழுந்து சட்டையை மாட்டினார், விழுந்தார். நான் அமுக்கிப் படுக்க வைத்தேன். "எல்லாம் போச்சுபா, எல்லாம் போச்சு" என்று குழந்தை மாதிரி அழுதார். அவர் கண்ணில் நான் தண்ணீர் பார்த்தது அதுவே முதல் தடவை.

ஏழு மணி வாக்கில் மாடிப்படியில் காலடிச் சத்தம். வாசலில் அதே மூக்கு, அதே கண்ணாடி, அதே ஒல்லி. பின்னால் டிபன் கேரியரோடு ஒரு பெண். யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இன்னாத்துக்கு வர்ல?" என்று தம்பி கத்தினார். "ஆறு மணிலேருந்து வாசல்ல நிக்கிறேன். தறியில உக்காந்தா கை ஓடல. நான்பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன். தெனம் வந்து பழக்கிட்டு, திடீர்னு படுத்துக்கினா இன்னா அர்த்தம்?"

"ஜ்வரமாத்தான் இருக்கும்னு நெனச்சேன், பாவகாரு" என்று அந்தப் பெண் கணவரின் அண்ணனைத் தெலுங்கு முறை சொல்லி அழைத்துக்கொண்டே கேரியரைத் திறந்தாள். கஞ்சி.

மண்டலம் அவளையே பார்த்தார்.

"கஞ்சி அப்புறம். மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடும்மா."

எங்கள் பானையிலிருந்து மொண்டு கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். மூன்று டம்ளர். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பி, அந்தத் தாளிலிருந்த முப்பத்தெட்டு டிக்கையும் ரொம்ப நேரம் படித்தார்.

"இன்னிக்குத் தவறிப் போச்சுடா" என்றார் மண்டலம் ஈனஸ்வரத்தில். "மறுபடி ஒண்ணுலேருந்து வரணும்."

"ஐயோ, இன்னும் நாப்பத்தெட்டு நாளா?" என்றார் தம்பி.

"வரட்டும், நான் காபி போட்டு வெக்கிறேன்" என்றாள் அவள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார் மண்டலம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கிட்டே வந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா. நீ வந்த அன்னிக்கே உன்ன எனக்குப் புடிக்கல. கொறட்டை. என் சோப்பு. போதாததுக்கு என் டிசைன் தாள் மேல உன் ஈரத் துண்டு. சரி, ஒரு மண்டலம் சிநேகிதனாட்டம் நடந்துக்கலாம்னு ஆரம்பிச்சேன். நீ பாத்துடுவியேன்னு சுவத்துல ஒட்டல."

பஸ் நகர்ந்தது. அவர் கூடவே நாலு அடி ஓடி வந்தார்.

"மண்டலம் அப்பவே முடிஞ்சுது! அப்புறம் நிறுத்த வரலபா!"

'எனக்கும் நிறுத்த வரல சார்' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது. இத்தனை வருஷம் தள்ளி, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.