பரிசீலனை ஓடிக்கொண்டிருக்கிறது

புதுச்சேரியில் குடியிருக்கும் ஒருவர் புதுச்சேரியில்தான் குடியிருக்கிறார் என்று அரசாங்கம் நம்ப வேண்டுமானால், அதற்குக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். குருசுக்குப்பத்தில் பிறந்து, குருசுக்குப்பத்திலேயே அடி வாங்கி வளர்ந்த கிளாட்வினுக்கும் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுக்காவிட்டால் கல்லூரி இடம் போய்விடும்.

சான்றிதழ் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களோ விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறியிருந்தன. சான்றிதழ் அடிக்கும் பழைய மென்பொருள் அதில் திறக்கவே மறுத்தது.

"புது மென்பொருளை நானே எழுதித் தர்றேன் சார்," என்றான் கிளாட்வின். பிளஸ் டூ முடித்தவன். லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் போட்ட டி-ஷர்ட்டைத் தவிர வேறு சட்டை அணியாதவன். அடக்கம் அவனுக்கு ஊர் பேர் தெரியாத சொந்தக்காரன்.

வெள்ளிக்கிழமை காலை மென்பொருளோடு வந்து, அதிகாரி பிரேம்குமாருக்கு வகுப்பே எடுத்தான்.

"லினக்ஸுல நம்ம மென்பொருள் வாடகைக்கு வந்தவன் மாதிரி நடந்துக்கணும் சார். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. அங்க இருக்கிற எழுத்து, அங்க இருக்கிற நிறம், அங்க இருக்கிற பிரிண்ட் பொத்தான். புதுசா ஒண்ணு வந்துருக்குன்னே தெரியக் கூடாது."

தன் பெயரைத் தட்டினான். பொத்தானை அழுத்தினான். சான்றிதழ் வந்து விழுந்தது.

பிரேம்குமார் அதைத் தொடவில்லை. "தம்பி, இதுல ஆபீஸ் எங்க இருக்கு?"

"சார்?"

"தட்டுன, வந்துச்சு. ஆராயல, பரிசீலிக்கல. பாக்கறவன் என்ன நினைப்பான்?"

எழுத்தர் கலைவாணி எட்டிப் பார்த்தார். "இவ்ளோ சுளுவா வந்தா, இத்தனை வருஷமா நாம என்ன பண்ணோம்னு கேப்பாங்க சார்."

நியாயமான கவலை.

"உழைப்பு தெரியற மாதிரி செய். கையெழுத்து போடறேன்."

கொள்கையா, கல்லூரியா என்று கிளாட்வின் யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் விரல்கள் தட்டத் தொடங்கியிருந்தன. கறுப்புத் திரை வந்தது. பச்சை எழுத்துகள் ஓடின. 'மேற்படி விண்ணப்பம் ஆழ்ந்த பரிசீலனையில் உள்ளது' என்று நடுவில் ஒரு வரி. கோப்பைப் புரட்டும்போது அதிகாரி இருமுகிற இருமலை அச்சு அசலாகத் தானே இருமி, அதையும் பதிவு செய்து சேர்த்தான்.

"எவ்ளோ நேரம் ஓடணும் சார்?"

"அதை நாம எப்படிப்பா முடிவு பண்றது? பரிசீலனை முடியறப்ப முடியட்டும். ஆனா நடுவுல எவனும் நிறுத்தக் கூடாது."

"என்னாலயே நிறுத்த முடியாது சார்," என்றான் பெருமையாக.

"சபாஷ். முதல் விண்ணப்பம் உன்னுது."

ஓடியது. மதியச் சாப்பாடு முடிந்தும் ஓடியது. நாலு மணிக்கும் இருமிக்கொண்டே ஓடியது.

"சார், காலையில வந்ததுலயே ஒரு கையெழுத்து..."

"பரிசீலிக்காம வந்ததுலயா? நீ எழுதுனத நீயே நம்பலன்னா எப்படி?"

ஆள் காக்க வைத்தால் சண்டைக்குப் போகும் வரிசை, கம்ப்யூட்டர் காக்க வைத்ததும் வாய் பிளந்து நின்றது. நெல்லித்தோப்பு நஜீமா அக்கா பையிலிருந்து முறுக்கு எடுத்து கிளாட்வினிடம் நீட்டினார்.

"அவசரப்படாத தம்பி. அது எவ்ளோ வேலை பாக்குது பாரு. யாரு பெத்த புள்ள செஞ்சதோ, நல்லா இருக்கணும்."

பேசாமல் இருந்திருக்கலாம். கல்லூரி வாசலைச் சாத்துகிற நேரம்.

"நான்தான்க்கா," என்றான் கிளாட்வின், டி-ஷர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு.