ஆண்டவரைப் பற்றி மச்சானிடம் ஒரு புகார்

கர்த்தருடைய கிருபைக்குள் இருக்கும் என் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் புருஷன் மரியாதையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமில்லை. அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருந்தால் அதிலும் எனக்குப் பொறாமைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், எழுத்து கோணலாக வரும், கோபத்தை மட்டும் நேராகப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னதையும், வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், திறந்து பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றதையும் போனில் சொன்னேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் நுழைந்துவிட்டார். ஆள் புதியவர் இல்லை, அவளுக்குச் சின்ன வயதிலேயே நீங்கள் அறிமுகம் செய்துவைத்தவர்தான், ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வருகிற அதே இயேசப்பாதான். ஞாயிற்றுக்கிழமையோடு நின்றவரைக்கும் எனக்கும் அவருக்கும் ஒரு தகராறும் கிடையாது. இப்போது தினமும் காலை ஐந்து மணிக்கு உங்கள் தங்கை சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் அவரோடு பேசுகிறாள். நான் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறேன், குசுகுசுவென்று கேட்குமே தவிர ஒரு சொல்லும் பிடிபடாது. நேற்றைக்கு உள்ளேயிருந்து சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது மச்சான். இருபத்தாறு வருஷத்தில் என்னால் அவள் சிரித்தது மொத்தம் நாலு தடவை, அதில் ஒன்று நான் ஏணியிலிருந்து விழுந்தபோது.

அதுகூடப் போகட்டும், வெளியே வரும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, கழுவித் துடைத்து வைத்த தட்டு மாதிரி. அப்புறம் நாள் முழுக்க என்னோடு சண்டையே கிடையாது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன், எடுத்துக் காயப்போட்டாள். உப்பு சரியாக இருந்தும் இல்லை என்றேன், கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் உங்கள் மூக்கைப் பற்றியே பேசிப் பார்த்தேன், மன்னிக்கவும், சோதனைக்காகத்தான். முன்பெல்லாம் அதற்கு இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது. இப்போது, "ஆமாங்க, அண்ணனுக்கு மூக்கு கொஞ்சம் பெரிசுதான்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கிறாள். என்னிடம் கொட்ட வேண்டியதையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டு வந்தால் எனக்கு என்னதான் மிச்சம்?

இந்த யோசனையிலேயே இருந்ததில் என் சீட் கவர் கடையில் பால்காரருடைய பைக் சீட்டுக்கு ரெக்சினை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துக் கொடுத்துவிட்டேன். ஒரு தெரு சுற்றிவிட்டு, பின்பக்கமெல்லாம் பஞ்சும் நூலுமாகத் திரும்பி வந்தார். நல்ல மனிதர், திட்டவில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். என் பெண்டாட்டிக்கு என்னைவிட நல்லவர் ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்றேன். என் தோளில் கை வைத்து, "ஆள் யாருன்னு மட்டும் சொல்லுண்ணே, நாலு பேரைக் கூட்டிட்டு வரேன்" என்றார். நான் என்ன சொல்ல? "அவரை ஏற்கெனவே அடிச்சுப் பாத்துட்டாங்கப்பா, மூணாம் நாள் எழுந்துட்டார்" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

ஆகவே மச்சான், அண்ணன் என்ற முறையில் நீங்கள் அவளைக் கண்டித்து ஒரு கடிதம் போட வேண்டும். ஆண்டவரோடு பேச வேண்டாம் என்று சொல்லவில்லை, பாதியையாவது புருஷனிடம் பேசச் சொல்லுங்கள். பயமாக இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டதற்கு, எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கட்டி அவளுக்கு, பயம் எனக்கு. பதினொரு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கர்த்தர் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதித்து, முடிந்தால் ஒரு வாரம் உங்கள் வீட்டிலேயே தங்கி இருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்

பி.கு.: நேற்று உறையை ஒட்டப் பசை தேடிய நேரத்தில் உங்கள் தங்கை இதை எடுத்துப் படித்துவிட்டாள். உங்கள் மூக்கைப் பற்றி எழுதிய இடம் வரைக்கும் சிரித்தாள். படித்து முடித்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "தினமும் உள்ளே அழுதுட்டுத்தாங்க வரேன். உங்ககிட்ட சொன்னா நீங்க பயந்துடுவீங்க. அவர் பயப்பட மாட்டார்" என்றாள். ஆகையால் கண்டிக்க வேண்டாம், செவ்வாய்க்கிழமை நேரில் வந்தால் போதும். இன்று காலை கதவைத் திறந்தே வைத்திருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் முழங்கால் போட்டேன், இரண்டு முழங்காலும் சடசடவென்று சாட்சி சொன்னது. அவள் முடித்துவிட்டு, நீங்க சொல்லுங்க என்று முழங்கையால் இடித்தாள். கடையில் நாள் முழுக்க வாய் ஓயாத நான் இரண்டு தடவை 'ஆண்டவரே' என்று மட்டும் ஆரம்பித்து நிறுத்தினேன். கடைசியில், "செவ்வாய்க்கிழமை என்னை வாசலோட நிறுத்திடுவாங்க. உம்மைத் தடுக்க ஆள் கிடையாது. எனக்குப் பதிலா நீரே உள்ளே போய் அவ பக்கத்துல நில்லும்" என்றேன். பொறாமையோடு சொன்னதுதான் மச்சான், ஆனால் எழுந்து நின்றபோது எனக்குப் பசித்தது.