பதினொரு வருட வாடிக்கையாளன்

பூட்டு உடையவில்லை. ஹிஸ்புல்லா முதலாளியின் தலையிடியே அதுதான்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் வலை, கயிறு, படகு எஞ்சின் விற்கிற கடை அவருடையது. மூலையில் நின்ற புது எஞ்சினைக் காணவில்லை. களவு போனால் நட்டஈடு தரும் காப்புறுதி கடைக்கு இருந்தது. ஆனால் விசாரிக்க வந்த காப்புறுதிக் கந்தோர் அதிகாரி தயாளினி, பூட்டைப் படம் பிடித்துவிட்டு, வெளிக்கள்ளன் என்றால் கதவோ பூட்டோ உடைந்திருக்க வேண்டும் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் விடியப் பூட்டு உடைந்திருந்தது. முதலாளியின் பெருவிரலும் வீங்கியிருந்தது. சுத்தியல் பிடித்துப் பழகாத கை.

"நேற்று நான் படம் எடுக்கேக்க நல்லா இருந்ததே," என்றார் தயாளினி, விரலைப் பார்த்தபடி. "எஞ்சினைக் கொண்டுபோன கள்ளன், மறந்துபோய்த் திரும்பி வந்து பூட்டை உடைச்சவனோ?"

முதலாளி உடனே கட்சி மாறினார். அப்படியென்றால் எடுத்தது வேலையாள்தான் என்றார். காப்புறுதிப் பத்திரத்தில் வேலையாள் களவுக்கும் நட்டஈடு இருந்தது.

"ஆர் உங்கட வேலையாள்?"

கயிற்றுச் சுருளில் குந்தியிருந்த லெஸ்லியை முதலாளி காட்டினார். பதினொரு வருடமாக அந்தக் கடையில் சுமை தூக்குகிறவன். ஆனால் அவனுக்கு ஓய்வுகாலச் சேமலாப நிதி கட்ட மனம் வராமல், கடையில் வேலையாளே இல்லை என்றுதான் முதலாளி தொழில் கந்தோருக்கு எழுதிக்கொடுத்து வந்தார். கந்தோர் ஐயா பார்க்க வந்தால், லெஸ்லி ஏதாவதொரு சாமானைத் தூக்கிக்கொண்டு, வாங்கியவன் மாதிரி வெளியே நடந்துவிட வேண்டும். போன மாதமும் அப்படித்தான் நடந்தான். முதுகு கடைக்குச் சொந்தம். கடதாசியில் ஆளே இல்லை.

"கடதாசியில இல்லாத ஆள் களவெடுக்க ஏலாது," என்றார் தயாளினி. நியமனக் கடிதம் வேண்டும், சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டு வேண்டும், பொலிஸ் முறைப்பாடும் வேண்டும் என்றார்.

எஞ்சினுக்குக் காப்புறுதிக் காசு வந்தால் எல்லாம் சரிக்கட்டலாம் என்பது முதலாளியின் கணக்கு. தொழில் கந்தோரில் வரிசையில் நின்றார். லெஸ்லியைக் கூடப்பிறந்த தம்பி மாதிரி வைத்திருந்ததாகக் கண் கலங்கினார். தம்பிக்குப் பதினொரு வருட நிலுவையைத் தண்டத்தோடு கட்டவைத்து அனுப்பினார்கள். நியமனக் கடிதத்திலும் முதலாளி கையெழுத்து வைத்தார்.

பிறகு லெஸ்லியைக் கடைப் பின்பக்கம் கூப்பிட்டுத் தேனாய்ப் பேசினார்.

"பொலிசில உன்ட பேரச் சும்மா சொல்லுவன். ரெண்டு நாளில வெளிய எடுத்துவிடுவன். நீ எடுத்தியா இல்லையா எண்டது வேற கதை."

"நீங்கள் சொல்லாம ஒரு ஆணிகூட எடுத்தறியன், முதலாளி," என்றான் லெஸ்லி. "கடிதத்தை மனிசியிட்டக் குடுங்கோ. என்ர கையெல்லாம் எண்ணெய்."

அவன் மனைவி எல்சி சோற்றுப் பார்சலோடு வந்திருந்தாள். கடிதத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தாள். பற்றுச்சீட்டோடு சேர்த்து மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு, முறைப்பாட்டுப் பிரதிக்காகக் கடை வாசலில் காத்திருந்த தயாளினியிடம் போனாள்.

"மிஸ், அந்த எஞ்சின் எங்கட குசினியில அடுப்புக்குப் பக்கத்தில கிடக்கு, தொழில் கந்தோர் ஐயா வந்த அண்டைக்கு, வாங்கினவன் மாதிரித் தூக்கிக்கொண்டு போ எண்டு முதலாளிதான் அனுப்பினவர், திருப்பிக் கொண்டுவா எண்டு இன்னும் சொல்லேல்ல."