செருப்புக் கம்பெனியில் ஒரு கால்

செருப்புக் கம்பெனியின் பங்கு பாதி விலைக்கு இறங்கிவிட்டது என்று ரேடியோ சொன்னபோது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இடது கண்ணுக்கான கண்ணாடியை வலது பக்கம் பொருத்திக்கொண்டிருந்தார்.

இன்டர்நெட்டில் செருப்பு விற்கும் கம்பெனி அது. இன்னும் ஒரு ஜோடிகூட விற்கவில்லை. அதன் பங்கை வாங்கச் சொன்ன மச்சினனுக்கு அதுவே பெரிய தைரியம்.

"வித்தாத்தானே அத்தான் நஷ்டம் தெரியும்? விக்காத வரைக்கும் எல்லாருக்கும் நம்பிக்கை."

ஒரே வாரத்தில் வாங்கி விற்றுவிடலாம் என்று, வீடு வாங்க அட்வான்ஸாக வைத்திருந்த பணத்துக்கு மனைவிக்குத் தெரியாமல் செக் எழுதிப் புரோக்கர் ஆபீஸில் கொடுத்துவிட்டார் கடைக்காரர். அட்வான்ஸ் கொடுக்கவேண்டியது இன்றைக்கு, மாலை ஐந்து மணிக்கு. தவறினால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

புரோக்கர் ஆபீஸுக்குப் போன் செய்தார். லைன் கிடைக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஓடினார். அங்கே எள் போட்டால் எள் விழாத கூட்டம். தலைகளுக்கு மேலே கையை நீட்டி, விற்கச் சொல்லும் சீட்டை மேஜையில் போட்டுவிட்டு இறங்கினார்.

மாடிப்படியில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். ஏதோ பெரிய கம்பெனி செருப்புக் கம்பெனியை வாங்கப்போகிறதாம். ஆசை யாரை விட்டது? திரும்ப ஏறி, குவியலில் தன் சீட்டைத் தேடி எடுத்துக் கிழித்துப்போட்டார்.

கடைக்கு வந்து ரேடியோவைப் போட்டால், அது வெறும் புரளியாம். இப்போது ஒரு பங்கை விற்றால் ஒரு செருப்பின் வார்கூட வராது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்குப் போன் செய்து, வீட்டை விற்கிறவருக்கு உடம்பு சரியில்லையாம், அட்வான்ஸை நாளைக்கு வாங்கிக்கொள்கிறாராம் என்று புளுகினார். அவளோ இளகிய மனசுக்காரி.

"ஐயோ பாவம். நான் பழம் வாங்கிட்டு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

அவளைத் தடுக்கக் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்து அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பழப்பையோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் பொய் சொல்லத் தெம்பு இல்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பணம் போனது போனதுதான் என்றாலும், காலையிலிருந்து நெஞ்சை அடைத்த கல் இறங்கியதுபோல் இருந்தது. அவள் பழப்பையைக் கீழே வைத்தாள். எட்டு வருஷம் சேர்த்த பணம். அழக்கூட இல்லை அவள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அழைப்புமணி அடித்தது. புரோக்கர் ஆபீஸ் குமாஸ்தா, வியர்க்க விறுவிறுக்க, கையில் ஒரு கவரோடு நின்றார். கடை பூட்டியிருந்ததாம், அதனால் வீட்டுக்கே வந்துவிட்டாராம். இருவரையும் பார்த்தவர், மனைவியிடம் கவரை நீட்டினார்.

"நல்ல வேளை, நீங்க வீட்டுல இருக்கீங்கம்மா. ரெண்டு பேர் கணக்காச்சே, உங்க கையெழுத்து இல்லன்னு பேங்க்ல அன்னிக்கே செக்கைத் திருப்பிட்டாங்க, ஒரு பங்கும் வாங்கல. இப்ப அந்தச் செக்ல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா சாருக்கு ரொம்ப மலிவா வாங்கிடலாம்."